பாதிப் பேச்சில் போனை வைத்தது ஏன்

பெருமதிப்பிற்குரிய அக்காவின் சமூகத்திற்கு, தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். இஸ்திரிப்பெட்டி மட்டும் நலமில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என்மேல் உள்ள கோபம் குறைந்திருக்காது என்பதும் தெரியும். வியாழக்கிழமை நீங்கள் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது நான் போனை வைத்துவிட்டேன். நாற்பத்தோரு வயதில் இதுதான் முதல்முறை. போனிலேயே விளக்கம் சொல்லலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் வந்தபோது பாப்பா விஷயமாக நீங்கள் போட்ட உத்தரவு நினைவிருக்கும். "ரெண்டரை வயசாச்சு, இன்னும் ஒரு வார்த்தை இல்ல. எல்லாத்துக்கும் கையை நீட்டுறா, நீயும் ஓடி ஓடி எடுத்துக் குடுக்கிற. அப்புறம் அவ எதுக்கு வாயைத் திறக்கணும்? கையை அடக்கு, வாய் தானா வரும்" என்றீர்கள். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்து பிழைப்பவன் நான். என் மகளே பேசவில்லை என்றால் டியூட்டியில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆகவே மறுநாளே, அவள் அம்மா மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியதும், பாப்பாவின் இரண்டு கைகளிலும் என் காலுறைகளை மாட்டி, மணிக்கட்டில் ரிப்பனால் கட்டினேன். குவளையைக் காட்டினால் "வாயால சொல்லு." ஜன்னலைக் காட்டினால் "வாயால சொல்லு." சாயங்காலம் அவள் அம்மா வந்து அவிழ்ப்பாள். "உங்க அக்கா சொன்னா உங்க வாயிலயும் காலுறையைத் திணிச்சுக்குவீங்களா?" என்பாள். நான் நீளமாக ஒரு பதில் சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்புவேன்.

அக்கா, ஐந்தாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் கையை நீட்டும்போதாவது "ம்... ஆ..." என்று கூடவே ஒரு சத்தம் வரும். கையை அடக்கியதும் அதுவும் நின்றுவிட்டது. தாகம் எடுத்தால் குவளையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், தலையைக் குனிந்துகொள்வாள். பயந்துபோய்க் காலுறையைக் கழற்றி எறிந்தேன். அப்புறமும் கைகளைத் தானாகவே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. சரி, ஒரு நாள்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவிடம் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பாப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்தார், சிறிது நேரம் அவளோடு விளையாடினார், பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்குங்க. இப்ப உங்க வீட்டுக்கு வழி சொல்லுங்க." பதினாறு வருடமாக மைக்கில் பேசுகிறவன், "நேரா வந்து... அந்தப் பக்கம்... இல்ல, இந்தப் பக்கம்" என்று திணறி, கடைசியில் மூக்கால் திசை காட்டினேன். "பாத்தீங்களா? உங்களுக்கே கை இல்லாம பேச்சு வரல. குழந்தைக்குக் கையும் வாயும் கூட்டாளிங்க சார். முதல்ல விரல் சொல்லும், பின்னாடியே வார்த்தை வரும். அவ குவளையைக் காட்டினா, 'தண்ணி'ன்னு சொல்லிக் குடுங்க" என்றார்.

வெட்கத்தோடு திரும்பினேன். ஆனால் அந்தக் கைகள் முதுகை விட்டு வரவில்லை. செவ்வாய் போனது, புதன் போனது. வியாழன் மதியம் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் கூப்பிட்டீர்கள். கூடத்துக்கு வந்து எடுத்தேன். "இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் ஒரு பயிற்சி" என்று நீங்கள் தொடங்கி இருபது நிமிடம் இருக்கும், பாப்பா அறையிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கைகள் பின்னால். "ஒரு நிமிஷம் பாப்பா, அத்தை பேசுறாங்க" என்றேன். உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. தோள் மட்டும் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து அசைந்தது. அவள் என் அனுமதிக்காகக் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. "காட்டுடா தங்கம், காட்டு!" என்று கத்தினேன். ("யாரைப் பாத்து 'டா'ங்கற?" என்றீர்கள் நீங்கள்.) கை விருட்டென்று வெளியே வந்து அறையைக் காட்டியது. கூடவே குரலும் வந்தது: "சூ! சூடு!"

போனை வைத்தது அப்போதுதான் அக்கா. சட்டை கருகி, மேசைத் துணி பற்றிக்கொண்டு, திரைச்சீலையை எட்டத் தீக்கு ஒரு சாண்தான் பாக்கி. பிளக்கைப் பிடுங்கி, நனைத்த போர்வையைப் போட்டு அமுக்கினேன். பிறகு தரையில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு கைகளையும் என் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் ஒரு கையை உருவிக்கொண்டு, கருகிய சட்டையைக் காட்டி, எனக்குப் புரியவில்லையோ என்று மறுபடியும் "சூடு" என்றாள்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வாருங்கள், ஆனால் அவள் கையை அடக்கச் சொல்லாதீர்கள். அவளுடைய முதல் வார்த்தையை இந்த உலகத்தில் முதலில் கேட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
சொன்னபடி கேட்டுக் கெட்ட தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் அம்மா இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "முதல் வார்த்தையா? 'சூடு', 'தண்ணி', 'பூனை' எல்லாம் மூணு வாரமா சாயங்காலத்துல என்கிட்ட சொல்லிக்கிட்டுதான் இருக்கா, கையைக் காட்டிக் காட்டி" என்கிறாள். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "எத்தனை தரம் சொல்ல வந்தேன்! நீங்க நடுவுல மூச்சு விட்டாத்தானே எனக்கோ அவளுக்கோ இடம் கிடைக்கும்?" என்கிறாள். எனவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது, அக்கா, தயவுசெய்து என்னைப் பேச விடாதீர்கள்.