மூக்கு வரைக்கும்தான் வரும்

என் மூக்கு முகத்துக்கு நடுவில் இல்லை. இடது பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனால் ஸ்டுடியோக்காரர், "மேடம், முகத்தை நேரா வைங்க" என்பார். நேராகத்தான் வைத்திருக்கிறேன் என்பேன். அவர் நம்பாமல் எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டுப் போவார். படத்தில் மூக்கு நேராகவும் முகம் கோணலாகவும் வரும். (என் ஆதார் அட்டையை யாருக்கும் காட்டுவதில்லை.)

இந்த மூக்குக்குக் காரணம் ஆற்றல் மாறா விதி.

எம்.எஸ்சி. இயற்பியலும் பி.எட்.டும் முடித்துவிட்டு செவிலிமேட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்க எங்கள் வீட்டில் அனுமதி கிடையாது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஊருக்குள் சின்னதாக ஒரு பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கிறார். அங்கே எனக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. வருகிறவர்களுக்குப் புடவையைப் பிரித்து என் தோளில் போட்டுக் காட்டும் வேலை. அதற்கு முந்தைய தீபாவளிக்கு மாமாவுக்கு ஆள் பற்றாமல் நான் போய் நின்றிருந்தேன். சென்னையிலிருந்து வேனில் வந்த ஒரு குடும்பம் மத்தியானம் முழுக்க என் மேல் புடவை புடவையாகப் போட்டுப் பார்த்தது. கடைசியில் அந்த வீட்டு அம்மாள், "புடவையில குறை இல்லங்க, இந்தப் பொண்ணு மேல எதுவும் எடுக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். அன்றைக்கே முடிவு செய்தேன், பிச்சை எடுத்தாலும் எடுப்பேன், புடவை எடுத்துக் காட்ட மாட்டேன் என்று.

அப்போதுதான் ஒரு தனியார் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்கு மாதிரிப் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். விசை, உந்தம், ஆற்றல், இதில் எது வேண்டுமானாலும் எடுக்கலாம். பிடித்துப்போனால் வேலை. பிடிக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போக வேண்டும். மாமா எனக்கென்று ஒரு யூனிஃபார்ம் சேலை எடுத்து, ஃபால்ஸ் கூடத் தைத்து வைத்திருந்தார்.

வேறு யாராவது என்றால் பலகையில் சூத்திரத்தை எழுதி இரண்டு கணக்குப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். எனக்குத் தலைக்கனம். கல்லூரியில் எங்கள் பேராசிரியர் ஒருமுறை கூரையிலிருந்து ஒரு இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, அதைத் தன் மூக்குவரை இழுத்துப் பிடித்து விட்டார். குண்டு எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பி அவர் மூக்கை நோக்கியே வந்தது. அவர் அசையவில்லை. குண்டு மூக்குக்கு முன்னால் நின்று, கும்பிடு போட்ட மாதிரி திரும்பிப் போனது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அதையே செய்வதென்று தீர்மானித்தேன்.

இரும்புக் குண்டுக்கு எங்கே போவது? முதலில் வீட்டுப் பித்தளைக் குடத்தில் மணலைக் கொட்டிப் பார்த்தேன். அம்மா வந்து பிடுங்கிக்கொண்டாள். "சீர் குடத்துல மண்ணைக் கொட்டிக்கினு இருக்கிறியே, அறிவு இருக்குதா உனக்கு?" என்றாள். அப்புறம்தான் ஒரு பெரிய வெள்ளைப் பூசணிக்காய் வாங்கி வந்தேன்.

"பாடம் நடத்தப் போறியா, புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போறியா?"

"அம்மா, இதைத் தூக்கிப் பிடிச்சா நிலை ஆற்றல். விட்டா அது இயக்க ஆற்றலா மாறும். போய்ட்டுத் திரும்பி வரும். ஆனா விட்ட எடத்தைத் தாண்டி வராது. மூக்கு வரைக்கும்தான் வரும்."

"தாண்டி வந்துட்டா?"

"எப்படிம்மா வரும்? புதுசா ஆற்றல் எங்கேருந்து கிடைக்கும்?"

அம்மா பூசணியைப் பார்த்தாள், என் மூக்கைப் பார்த்தாள். கூடத்துத் தொட்டில் கொக்கியில் கட்டி நான் ஒத்திகை பார்த்தபோது மட்டும் சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. ஒத்திகையில் பூசணி ஒவ்வொரு தடவையும் மூக்கு வரைக்கும்தான் வந்தது.

திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பும்போது பூசணி கயிற்று வலைக்குள் தயாராக இருந்தது. அம்மாதான் கட்டியிருந்தாள். காம்புப் பக்கம் ஒரு மஞ்சள் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. ஏன் என்று கேட்க நேரமில்லை. ஷேர் ஆட்டோவில் பூசணியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் கூடவே வந்து, பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேனோடு உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பில் மின்விசிறி ஒன்றை ரிப்பேருக்குக் கழற்றியிருந்தார்கள். அந்தக் கொக்கியில் பூசணி ஏறியது. பின் வரிசையில் தலைமையாசிரியையும் பள்ளித் தாளாளரும் உட்கார்ந்திருந்தார்கள். தாளாளரை ஊரே பெரிய சார் என்றுதான் கூப்பிடும். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, யாரையும் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். பிள்ளைகளுக்குப் பூசணியைப் பார்த்ததிலிருந்தே உற்சாகம். பாதி வகுப்பு பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கயிறு, முடிச்சு, இழுவை என்றால் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாடம் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி போனது.

நான் தலையைக் கரும்பலகையோடு ஒட்டி நின்று, பூசணியை இழுத்து மூக்கில் வைத்தேன். "நான் ஒரு அங்குலம்கூட நகர மாட்டேன். இயற்பியல் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை" என்று வசனம் பேசினேன். (அந்த வசனத்தைக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்திருந்தேன்.)

பெரிய சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

"இரும்மா, நானே விடறேன்."

வேலை கொடுக்கப்போகிறவர் கேட்கிறார். எப்படி மறுப்பது? பூசணியை அவர் கையில் கொடுத்தேன். "சார், தள்ளக் கூடாது. சும்மா கையை எடுத்துட்டாப் போதும்" என்றேன்.

"எனக்கு இதெல்லாம் சொல்லணுமாம்மா? எங்க தெரு அம்மன் கோயில்ல ஆடிப்பூரத்து ஊஞ்சல் எங்க குடும்ப உபயம். அம்மா ஊஞ்சல்ல உக்காந்ததும் மொத ஆட்டு என் கைதான். நாப்பது வருஷமா ஆட்டிக்கினு இருக்கேன்."

உலகத்தில் வேறு எவளாக இருந்தாலும் அந்த இடத்தில் உஷாராகியிருப்பாள். நான், "அப்ப சரிங்க சார்" என்றேன்.

அவர் பூசணியை என் மூக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடினார். "தாயே" என்றார். பிறகு, நாற்பது வருஷமாக அம்மனை எப்படி ஆட்டிவைத்தாரோ அப்படியே, பக்தியோடு உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார்.

பூசணி போன வேகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் அது ஒத்திகையில் தொடாத உயரத்தைத் தொட்டது. நகர்ந்துகொள்ள வேண்டிய நேரம் இருந்தது, சத்தியமாக இருந்தது. ஆனால் நகர்ந்தால் இயற்பியல் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். வசனம் வேறு பேசித் தொலைத்திருக்கிறேன். நின்றேன். பூசணி மூக்கோடு நிற்காமல் மேற்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது என் முகம், கழுத்து, புடவை, கரும்பலகை எல்லாம் சிவப்பு. தலைமையாசிரியை அலறினார். பெரிய சார் தரையில் உட்கார்ந்து, "ஐயோ, கொன்னுட்டேனே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். முன் பெஞ்சில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். இவ்வளவு ரத்தம் என் உடம்பில் இருந்ததா என்று நானே யோசித்தேன். அந்த நேரத்தில் உடைந்த பூசணிக்குள்ளிருந்து ஒரு ரூபாய் நாணயம் விழுந்து, உருண்டு, பெரிய சார் காலடியில் போய் நின்றது.

எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா ராத்திரியே காம்புப் பக்கம் துளை போட்டு, குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, காசும் போட்டு, துணியால் அடைத்துக் கட்டியிருக்கிறாள். எனக்குத் திருஷ்டி கழிக்க. பாடம் முடிந்ததும் பள்ளி வாசலிலேயே உடைத்துவிடலாம் என்று திட்டமாம்.

அலறல் கேட்டு அம்மா ஓடிவந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெற்றவள் பதறுவாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"பூசணி உடைஞ்சிடுச்சில்ல? விடு. இனிமே எல்லாம் நல்லா நடக்கும்" என்றாள்.

குங்குமத்தை வழித்த பிறகும் மூக்கிலிருந்து சிவப்பு வந்துகொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் அவளும் கொஞ்சம் பயந்தாள். யாரோ பஞ்சு கொண்டுவந்து கொடுத்தார்கள். வகுப்பு அடங்கியது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"மிஸ், தாண்டி வராதுன்னு சொன்னீங்க. வந்துடுச்சே."

எனக்கு மாமா கடை தெரிந்தது. யூனிஃபார்ம் சேலை தெரிந்தது. 'சில சமயம் அப்படித்தான் ஆகும்' என்று மழுப்பிவிட்டால் பெரிய சார் மனம் நோகாது, ஒருவேளை பரிதாபப்பட்டு வேலையும் கொடுப்பார். ஆனால் மூக்கு விண்விண் என்று தெறித்தது. வலியில் பயம் போய்விட்டது.

"பெரிய சார் தள்ளிட்டாரு" என்றேன்.

"நான் தள்ளவே இல்லம்மா" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவர் மனதார நம்புகிறார்.

"கூட ஆற்றல் கொடுக்காம அது தாண்டி வராது சார். இன்னொரு வாட்டி விடுங்க. எதிர்ல யாரும் வேணாம்."

கயிற்றில் பாதிப் பூசணி மிச்சம் இருந்தது. பலகைக்குச் சற்று முன்னால் தரையில் ஒரு கோடு போட்டேன். அவர் கோட்டுவரை இழுத்தார், கண்ணை மூடினார், "தாயே" என்றார். பூசணி திரும்பி வந்து பலகையில் மோதியது.

"தள்றீங்க சார்" என்றது மொத்த வகுப்பும்.

"இல்லப்பா."

இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தன் கையையே பார்த்தபடி விட்டார். உள்ளங்கை தானாக முன்னால் போய்த் தள்ளியது. அவர் அதை யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார். "என்னம்மா இது, என்னைக் கேக்காமயே போவுது" என்றார். நான் அவரை இரண்டு விரலால் வலையை மட்டும் பிடிக்கவைத்து, விரலைப் பிரிக்கச் சொன்னேன். பூசணி போனது, வந்தது, கோட்டுக்கு முன்னாலேயே நின்று திரும்பியது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள். பெரிய சாரும் தட்டினார்.

மூக்கில் பஞ்சோடு வேலை உத்தரவு வாங்கினேன். அம்மா அதைத் திருஷ்டி கழிந்ததால் கிடைத்த வேலை என்கிறாள். நான் இயற்பியலால் என்கிறேன். மாமா அந்தச் சேலையை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டு, "நான் ஒண்ணுமே பண்ணலையே" என்றால், "பெரிய சார் பூசணியை விட்ட மாதிரியா?" என்று கேட்பார்கள். என் கணவர் ஃபிரிட்ஜ் கதவை உடைத்தபோதும் இதைத்தான் கேட்டோம்.

போன ஆடிப்பூரத்துக்கு நாங்கள் எல்லோரும் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தோம். அம்மன் ஊஞ்சலில் உட்கார்ந்ததும் பெரிய சார் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். "மொத ஆட்டு நீ ஆட்டும்மா. சும்மா விட்டாப் போதும், உனக்குத் தெரியாததா" என்றார். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஊஞ்சலை மெல்ல இழுத்து, விரலைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். மேளம் கொட்டியது. அம்மன் முகத்தைப் பார்த்தேன். கண் தானாக மூடிக்கொண்டது.

கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தள்ளிட்டா."

"இல்லம்மா, விட்டேன்" என்றேன்.

பெரிய சார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். ஊஞ்சல் உயரமாகப் போய்க்கொண்டிருந்தது.