பெல்ட், சூ, தொப்பி, ரிங்

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து வரும் வழியில், இனிப் பொய் சொல்வதில்லை என்று மனதுக்குள் நிய்யத்து வைத்தேன். அந்தக் கிழமையே ஒரு ஃபேன் பெல்ட் தேவைப்பட்டது.

விபரமாகச் சொல்கிறேன். எங்கள் வளவில் ஒரு கொட்டில். கொட்டிலுக்குள் ஒரு மொறிஸ் மைனர் கார். என்னை விட இரண்டு வயது மூப்பு. கார் என்னுடையது. கொட்டில், வளவு, வீடு, வீட்டுக்குள் நான் படுக்கும் கட்டில் எல்லாம் என் மனைவி றாஹிலாவுடையவை. கல்முனையில் மாப்பிள்ளை என்பவன் பெண் வீட்டுக்குப் போகிறவன். நான் போய் நாற்பது வருடம் ஆகிறது. இன்னும் திருப்பி அனுப்பவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

காரை நான் வாங்கியபோது அது ஓடவில்லை. ஓட வைப்பதற்காகக் கழற்றினேன். கழற்றிய சாமான்கள் வீட்டுக்குள் வந்தன. கார்புரேட்டர் கண்ணாடி அலுமாரியில், பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. பின் சீட் விறாந்தையில் இருந்தது. இவ்வளவையும் றாஹிலா பொறுத்துக்கொண்டாள். மகளின் மாமனார் வந்து, கிளச் பிளேட்டின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்து, "நல்ல தட்டு, எங்க வாங்கின?" என்று கேட்ட அன்று அவள் பொறுக்கவில்லை.

அவர் போனதும் என்னைக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் பயம்.

"வெள்ளாமை வெட்டு வருகுது. நெல்லு மூட்டை வைக்கக் கொட்டில் வேணும். அதுக்குள்ள உங்கட காரு தன்ட காலால வெளிய போகணும். இல்லாட்டி பழைய இரும்புக்காரன் வந்து ஏத்துவான்."

"சரி புள்ள."

"இன்னொரு சாமான் காருக்கெண்டு இந்த வாசக் கடப்புத் தாண்டி வரப்படாது."

அதற்கும் சரி என்றேன். பிறகு கொட்டிலில் போய் இருந்து யோசித்தேன். சாமான் இல்லாவிட்டால் கார் நடக்காது. சாமான் வந்தால் நான் நடக்க வேண்டியிருக்கும். பொய்யும் சொல்லக் கூடாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவன் அல்ல. ஆனாலும் அன்று எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

"றாஹிலா, ஒரு பெல்ட் எடுப்பிக்கப் போறன்" என்றேன்.

"எடுப்பிங்க. சாறன் இடுப்பில நிக்குதில்லதானே."

ஃபேன் பெல்ட் வந்தது. பெல்ட் என்று சொன்னேன், பெல்ட் வந்தது. ஒரு எழுத்துப் பொய் இல்லை.

கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற ஒரு கடையில்தான் எடுப்பேன். போனில் கதைக்க எனக்குக் கூச்சம். அங்கே ஒருவர் ஹலோ என்றால் இங்கே எனக்கு வேர்க்கும். ஆகவே சாமானைப் படம் எடுத்து, சாமான் நம்பரை எழுதி, வட்ஸ்அப்பில் அனுப்புவேன். கடைக்காரர் திருப்பி அழைத்தால் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவேன்.

அடுத்தது பிறேக் சூ. சக்கரத்துக்கு இரண்டாக எட்டு.

"சூ எடுக்கப் போறன்."

"சூவா? நீங்களா?"

"ஓம். நிக்க வேண்டிய இடத்தில நிக்கத்தான்."

பார்சலை அவள்தான் வாங்கி வைத்தாள். நல்ல பாரமான சூவாக இருக்கிறதே என்றாள். நெடுநாள் உழைக்கும் என்றேன். இதுவும் உண்மை.

மூன்றாவது, டிஸ்ரிபியூட்டர் மூடி. கராஜில் அதைக் கெப் என்பார்கள். கெப் என்றால் தொப்பி. இது என் சொந்த மொழிபெயர்ப்பு.

"ஒரு தொப்பி எடுக்கிறன் புள்ள. கறுத்தது."

"வெள்ளை எடுங்களன்."

"கறுப்புத்தான் பொருந்தும்."

அவள் மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று தடவை வென்றவன் நான். நாற்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

சாய்ந்தமருது கராஜ்காரர் மசூர் வந்து, வீட்டுக்குள் கிடந்தவற்றோடு சேர்த்து எல்லாவற்றையும் பூட்டினார். பெல்ட் சரி, சூ சரி, தொப்பி சரி. எஞ்சின் மட்டும் இருமியது. உயிர் பிடிக்கவில்லை. மசூர் உள்ளே அளந்து பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் முழுக்கத் தேய்ந்துவிட்டது, புது ரிங் போடாமல் இது அசையாது என்றார். சரியான அளவைக் கணக்குப் பார்த்துப் பிறகு போனில் சொல்வதாகவும் சொன்னார்.

ரிங்.

பெல்ட் என்று சொல்லலாம். தொப்பி என்று சொல்லலாம். ஒரு மனைவியிடம் போய் ரிங் எடுக்கப் போகிறேன் என்று எந்தப் புருசன் சொல்வான்? ஆருக்கு என்று கேட்பாள். எனக்கு என்றால் ஆணுக்குப் பவுன் ஹறாம் என்பாள். உனக்கு என்றால் பொய். வேறு ஆளுக்கு என்றால் என்னை அடக்கும் ஜனாஸாத் தொழுகைக்கு ஆள் சேர்க்க வேண்டியதுதான்.

வயலில் வெட்டு மெஷின் இறங்கிவிட்டது. நான் வாயைத் திறக்க முடியாமல் கொட்டிலைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஒரு பகல், சோறு போடும்போது றாஹிலா தானே தொடங்கினாள்.

"இஞ்சாருங்க. ஒரு ரிங் எடுக்கட்டா?"

கறி கையிலேயே நின்றது. அவளுடைய விரலைப் பார்த்தேன். வெறும் விரல். இருந்த மோதிரம், மகளுடைய வீட்டுக்குக் கூரை போட்ட வருடம் விற்கக் கழற்றியது. அதற்குப் பிறகு அவள் எனக்காக எத்தனையோ கேட்டிருக்கிறாள். மருந்து கேட்டிருக்கிறாள், மூக்குக் கண்ணாடி கேட்டிருக்கிறாள். தனக்கென்று கேட்பது இதுதான் முதல் தடவை. நான் அவளுடைய அலுமாரியில் கார்புரேட்டர் வைத்தவன்.

"எடு புள்ள" என்றேன்.

"மனசறியவா சொல்றீங்க?"

"மனசறியத்தான்."

அவள் தலையை ஆட்டிவிட்டு எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

காரை விற்பது என்று அப்போதே தீர்மானித்தேன். இரும்புக்காரருக்கு வரச்சொல்லி எழுதி அனுப்பினேன். பிறகு கொட்டிலுக்குப் போய் பொனட்டைத் துடைத்தேன். இரும்பாகப் போகிறதைத் துடைப்பானேன் என்று கேட்காதீர்கள்.

இரும்புக்காரர் வரவில்லை. பார்சல் வந்தது. றாஹிலா அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, பிரித்துப் பார்க்கச் சொன்னாள்.

உள்ளே வளையம் வளையமாக, எண்ணெய் பூசிய பிஸ்டன் ரிங். எண்ணினேன். பிஸ்டனுக்கு நாலாகப் பதினாறு. அளவும் சரி.

"இது..."

"ரிங் எடுக்கட்டா எண்டு கேட்டன். ஓம் எண்டிங்க. நான் பொய் சொன்னனா?"

மசூர் அளவு சொல்ல எடுத்தபோது நான் அஸர் தொழப் போயிருக்கிறேன். போனை இவள் தூக்கியிருக்கிறாள். இரும்புக்காரரைக் கடப்பிலேயே திருப்பியதும் இவள்தான். அப்படியானால் பெல்ட்டும் சூவும் தெரியுமா என்று மெல்லக் கேட்டேன்.

"சூ வந்த பொறகும் செருப்போடதான் பள்ளிக்குத் தொழப் போறீங்க. புதுத் தொப்பிய ஒருநாளும் தலையில காணல்ல. எனக்குக் கண் இரிக்கி." பார்சல் கடதாசியை மடித்தாள். "நீங்க அனுப்பின மூண்டு சாமான் நம்பரும் பிழை. உங்களுக்கு எடுத்தா நீங்க தூக்குறல்லயாம். பார்சலுக்கெண்டு நீங்க குடுத்த என்ட போனுக்குக் கடைக்கார மனிசன் எடுத்தாரு. நான்தான் மசூர்ட கேட்டுக் கேட்டுச் சரியாச் சொன்ன."

மூன்று தடவை வென்றவன் நான் என்று எழுதினேனே, அந்த வரியை நீங்கள் அடித்துவிடலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்று நான் தோற்றது போல் சந்தோசமாக யாரும் தோற்றிருக்க மாட்டார்கள். அல்லாஹ் எனக்குத் தந்த உதிரிப் பாகங்களில் ஒன்றுகூட நான் சொன்ன நம்பரில் வரவில்லை. எல்லாம் பொருந்தின.

முதல் நெல் மூட்டை வருவதற்கு முன் கார் உயிர் பிடித்தது. தன்ட காலாலேயே வெளியே வந்தது. மசூர் கையைத் துடைத்துச் சிரித்தார். என் கண் கொஞ்சம் கலங்கியது. றாஹிலா வீட்டுக்குள் போய், புது அபாயா போட்டுக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறி இருந்தாள்.

"எங்க புள்ள போவம்? கடற்கரைக்கா?"

"நகைக் கடைக்கு."

"ரிங்தான் வந்திட்டே."

"அண்டைக்கு ஓம் எண்டு சொல்லக்குள்ள உங்கட மனசில இருந்தது எந்த ரிங்?"

மசூர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நான் பொய் சொல்வதில்லை.

"பவுன் ரிங்."

"அப்ப நிய்யத்து அதுதான். வண்டிய எடுங்க."