சாய்ந்து நின்ற மூலக்கூறு

சித்தூரில் பேருந்தேறித் திருப்பதிக்குச் சென்று, அங்கே ஆராய்ச்சி மாணவனாயிருந்த என் மைத்துனன் தானியேலிடம் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் பணி ஓய்வு பெறாத காலம். பிழை பொறுக்காத ஆசிரியன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

ஆய்வுக்கூடத்துக் கணினித் திரையில், முறுக்கிப்போட்ட முள்வேலிபோல் பச்சைக் கோடுகளாய் ஒரு மூலக்கூறு.

"ரெண்டு வாரமா இத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தேன் மாமா. மருந்து போய் ஒட்டிக்கிற பள்ளம் இன்னைக்குத்தான் நல்லாத் தெரியுது. போட்டோ எடுத்தாத்தான் தீசிஸ் பைண்டிங்குக்குப் போவும். நாலு மணிக்கு மெஷினை வேற ஆளுக்கு விட்டுடணும். நான் போய் போட்டோகிராபரை இட்டுக்கினு வரேன். எதையும் தொடாதீங்க!"

"நான் என்ன குழந்தையா?" என்றேன்.

ஐந்து நிமிடம் குற்றமற்றவனாக அமர்ந்திருந்தேன்.

பிறகு கரும்பலகை கண்ணில் பட்டது. மூன்று எண்கள். தலைப்பில்லை, அலகில்லை. நாற்பது என்றால் எது நாற்பது? மாம்பழமா?

பாடம் முடிந்தால் பலகையைத் துடைப்பது என் இருபதாண்டுப் பழக்கம். ஈரத்துணியால் துடைத்தேன்.

அடுத்து, திரை. மூலக்கூறு சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது! வகுப்பறைச் சுவரில் ஒரு படம் சாய்ந்திருந்தாலும் எனக்குப் பாடம் ஓடாது. திரைக்குக் கீழே நான்கு குமிழ்கள் இருந்தன. முதலாவதை நகக்கண் அளவு திருப்பினேன்.

அது குப்புறக் கவிழ்ந்தது.

பதறி இரண்டாவதைத் திருப்பினேன். முதுகைக் காட்டியது. மூன்றாவதற்குத் தலைகீழாய் நின்றது. நான்காவதாவது என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன். மூலக்கூறு என்னை நோக்கிப் பாய்ந்து, பெருத்து, ஒற்றைப் பச்சைக் கோடாகித் திரையைக் கடந்து மறைந்தது.

மிச்சம் இருட்டு!

தானியேல் போட்டோகிராபருடன் உள்ளே வந்தான்.

"மாமா, எங்க மாமா அது?"

"சற்றே சாய்ந்திருந்தது. நிமிர்த்தினேன்."

"நிமித்தினீங்களா! சரி, போவட்டும். கோணமெல்லாம் போர்டுல எழுதி..."

பலகை பளபளத்தது.

"தொடச்சிட்டீங்களா?"

"ஈரத்துணியால்," என்றேன். உண்மை பேசப் போதிப்பவன் ஆயிற்றே!

"எங்க அக்கா உங்களை வெச்சிக்கினு எப்படித்தான் காலந்தள்ளுதோ!"

மணி நாலடிக்கப் பத்து நிமிடம். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு வார உழைப்பு என் ஈரத்துணியில் போயிற்று.

அப்போதுதான் பொறி தட்டியது. பிறர் செய்த பிழை எனக்கு ஒருநாளும் மறக்காது.

"நாற்பது, நூற்றுப் பதினைந்து, எழுபத்தொன்று. மூன்றுக்கும் அலகு எழுதவில்லை. பாதி மதிப்பெண்தான்."

அவன் பாய்ந்து விசைப்பலகையில் எண்களைத் தட்டினான். நான்காவது குமிழைப் பின்னோக்கித் திருப்பினான். மூலக்கூறு திரும்பி வந்தது, அதே பள்ளத்தோடு, அதே சாய்வோடு. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போட்டோகிராபர் கேமராவில் கண் வைத்தார். "சார், இது சாஞ்சிருக்கே. நேரா பண்ணிடட்டா?"

"தொடாதே!" இருவரும் ஒருசேர அலறினோம்.

"எந்துக்கு சார் கத்துறீங்க? நான் கேமராவைத்தான சாய்க்கப் போறேன்!"

படம் நேராகவே விழுந்தது.

அன்றுமுதல் சாய்ந்த படம் எதைக் கண்டாலும், என் தலையைத்தான் சாய்த்துக்கொள்கிறேன்.