புளிங்கடவு மண்ணின் சராசரி

புளிங்கடவுப் பஞ்சாயத்தில் மண்ணுக்கு யாதொரு குறையும் இல்லை என்பது அரசாங்கத்தின் நெடுநாளைய கொள்கை. அதற்கு இடைஞ்சலாக வந்து வாய்த்தவள் ஷைனி. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுத்த தொழிற்சாலையின் பின்மதிலை ஒட்டி அவள் வீடு. முதலாளி தொழிற்சாலையை மூடி, எந்திரங்களையும் கூரைத் தகட்டையும் கழற்றிக்கொண்டு போனார். மண்ணை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். மதில் சரிந்து, அந்தச் சாம்பல் நிற மண் அவள் முற்றம் வரை பரவிக் கிடந்தது.

ஷைனியின் மூன்று வயது மகள் அன்னக்குட்டிக்குச் சோறு கசக்கும், மண் இனிக்கும். கண் அசந்தால் ஒரு பிடி வாய்க்குள் போய்விடும். ரத்தம் பரிசோதித்த டாக்டர், "ஈயம் ஏறியிருக்கு. குழந்தையை இந்த மண்ணுகிட்ட விடாதீங்க" என்றார். குழந்தையைத் தள்ளி வைக்க அவளுக்கு வேறு வீடு கிடையாது. ஆகவே மண்ணைத் தள்ளி வைக்கும்படி அரசாங்கத்துக்கு மனு போட்டாள்.

மண்நல அதிகாரி பவித்ரன் ஜீப்பில் வந்து இறங்கினார். தொப்பி, கையுறை, கரண்டி எல்லாம் புத்தம்புதுசு. முற்றத்து மண்ணில் கொஞ்சம் அள்ளிப் பையில் கட்டி ஜீப்பை நோக்கி நடந்தவரை, சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்துத் தங்கச்சன் மறித்துக்கொண்டார்.

"சாரே, இந்த ஊர்ல ஏத்துறதும் இறக்குறதும் நாங்கதான்."

"தங்கச்சா, ஒரு பொட்டலம்டா இது. என் சட்டைப் பையில போகும்."

"எடையைப் பத்திப் பேச்சில்ல சாரே. இது கொள்கை."

தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிய நான்கு பேர், பொட்டலத்தை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, மூச்சு வாங்கியபடி ஜீப்பின் முன்சீட்டில் ஏற்றினார்கள். பவித்ரன் பின்சீட்டில் உட்கார்ந்து போனார்.

பரிசோதனை முடிவு வந்தது. ஈயம் அளவைத் தாண்டி எங்கேயோ நின்றது. பவித்ரனுக்குத் தூக்கம் போயிற்று.

"இப்படி வந்தா நான் என்ன பண்றது ஷைனி?"

"அள்ளிட்டுப் போங்க சாரே."

"அள்ளிடலாம். எங்க கொண்டு கொட்டுறது? கொட்டுற இடத்துலயும் ஒரு ஷைனி இருப்பாளே."

விதிப் புத்தகம் கைகொடுத்தது. 'ஓரிடத்து மண் ஓரிடத்தை மட்டுமே குறிக்கும். பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, சராசரி காண்க' என்று அதில் போட்டிருந்தது. பல இடங்கள் என்றால் எந்தெந்த இடங்கள் என்று புத்தகம் சொல்லவில்லை. எனவே சர்வகட்சிக் கூட்டம் கூட்டப்பட்டது.

கூட்டத்தில் அனல் பறந்தது. எங்கள் வார்டு மண்ணை விட்டுவிட அது என்ன பாவம் செய்தது என்று ஒவ்வொரு மெம்பரும் மேஜையைத் தட்டினார். பள்ளிவாசல் மண், மாதா கோயில் மண், பகவதி கோயில் மண் மூன்றையும் சேர்க்க ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. பணக்காரர்கள் வசிக்கும் வார்டில் மட்டும் மண்ணே இல்லை. முற்றமெல்லாம் சிமெண்டுக் கல் பதிப்பதுதான் அங்கே நாகரிகம். அவர்கள் பூந்தொட்டியிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

ஷைனி எழுந்தாள். "சாரே, என் பொண்ணு ஊர் மண்ணையெல்லாம் கலந்து திங்கல. மதிலோரத்து மண்ணைத்தான் திங்கறா."

"அது அவ பண்ற பாரபட்சம்" என்றார் பவித்ரன். "அதை வச்சு அரசாங்கம் முடிவெடுக்க முடியுமா?"

கலந்த மண் பரிசோதனைக்குப் போயிற்று. ஈயம் அளவுக்குள் அடங்கிவிட்டது. ஊர் வெடி வெடித்தது, பாயசம் காய்ச்சியது, பவித்ரனுக்குப் பொன்னாடை போர்த்தியது. ஷைனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயசத்தைத் தொடாமல் வீட்டுக்குப் போய், அன்னக்குட்டியின் வாயில் விரலை விட்டு மண்ணைத் தோண்டினாள்.

அப்புறம் தணிக்கை அதிகாரி வந்தார். அறிக்கையைப் படித்தார், மதிலோரத்து மண்ணைப் பார்த்தார், முகம் சுளித்தார்.

"அறிக்கையில இருக்கிறது கலந்த மண்ணு. இங்க கிடக்கிறது கலக்காத மண்ணு. ரெண்டும் பொருந்தலையே பவித்ரா."

"அறிக்கையைத் திருத்திடட்டுமா சார்?"

"கையெழுத்து விழுந்து மேல போனதை யாராலயும் திருத்த முடியாது. மண்ணைத் திருத்து."

அதாவது, மதிலோரத்து மண் எல்லா வார்டுகளிலும் சமமாகக் கலக்க வேண்டும். இந்த இடத்தில் வேளாண் அதிகாரி ஜலஜா தெய்வம் போல உள்ளே வந்தாள். எல்லை தாண்டி வரும் தமிழ்நாட்டுக் காய்கறியெல்லாம் விஷம், மொட்டைமாடியில் நாமே வளர்த்துச் சாப்பிடுவோம் என்று ஊரே கிளம்பியிருந்த சமயம் அது. செடி வளர்க்கும் பை வந்திருந்தது, விதை வந்திருந்தது, பைக்குள் போட மண்தான் கிடைக்கவில்லை.

மறு வாரமே லாரிகள் வந்தன. தங்கச்சனின் ஆட்கள் சாம்பல் மண்ணை அடியிலிருந்த செம்பாறை தெரியும்வரை வழித்து ஏற்றினார்கள். ஷைனிக்குக் கால் தரையில் பாவவில்லை. முற்றத்தைக் கழுவிவிட்டு, அன்னக்குட்டியை நடுவில் உட்காரவைத்து, மண்ணில்லாத தரையைக் குழந்தை வெறுங்கையால் தட்டித் தட்டி ஏமாறுவதைப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள்.

பஞ்சாயத்து வாசலில் அடுக்கியிருந்த பைகளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. பவித்ரனிடம் ஓடினாள்.

"சாரே, இதுல கீரை போட்டா ஊரே ஈயம் திங்கும்."

"ஆட்சேபமா? தாராளமா எழுதிக் குடு. இப்பவே நிறுத்திடறேன். மண்ணு பழைய இடத்துக்கே திரும்பிடும்."

இடுப்பில் இருந்த அன்னக்குட்டி அவள் தாலிச் சங்கிலியைச் சப்பிக்கொண்டிருந்தாள். வாயில் மண் இல்லை. ஷைனி சங்கிலியை மெல்ல உருவி முந்தானையில் துடைத்தாள். பிறகு தன் மனுவின் அடியில் 'குறை தீர்ந்தது, திருப்தி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வெட்கமாக இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

பைகளுக்கு அடிதடி நடந்தது. கிடைக்காத வார்டுக்காரர்கள் கடையடைப்பு நடத்தி வாங்கிக்கொண்டார்கள். சிமெண்டுக் கல் வீட்டுக்காரர்கள் தக்காளிச் செடியோடு நின்று படம் எடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். ஷைனி மட்டும் மாடி இல்லை என்று சொல்லி வேண்டாமென்றாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலை, அன்னக்குட்டியைக் கூட்டிவர அங்கன்வாடிக்குப் போனாள். ராதாமணி டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஷைனீ, உன் பொண்ணு திருந்திட்டா. மண்ணைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. இப்பெல்லாம் கீரைன்னா உசுரு. கேட்டுக் கேட்டு வாங்கித் திங்கறா."

"எந்தக் கீரை டீச்சர்?"

"நம்ம ஊர்க் கீரைதான். எல்லா வீட்டு மாடியிலேர்ந்தும் ஆளுக்கொரு கட்டு தினம் கொண்டாந்து குடுத்துடறாங்க. பயப்படாதே, தமிழ்நாட்டுச் சரக்கை இந்தப் பக்கமே விடறதில்ல."