மண்டோர் வாங்கிய மலிவுப் போன்

"ரெண்டும் ஒரே கறுப்பு, ஒரே நீளம். அப்புறம் எதுக்கும்மா இதுக்கு மட்டும் மூணு மடங்கு விலை?"

சிரம்பான் கைப்பேசிக் கடையில் இரண்டு கையிலும் இரண்டு போனை ஏந்தியபடி நின்றார் மைக்கல்ராஜ்.

"கேமரா, அங்கிள்," என்றாள் விற்பனைப் பெண் ஃபஸீஹா. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாரே என்ற அலுப்பு அவள் குரலில் தெரிந்தது. "இந்த விலை கூடின போன்ல எடுத்தா எறும்போட மீசைகூடத் தெரியும்."

மைக்கல்ராஜ் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்டோர், ஆட்களை மேய்க்கும் கங்காணி. வெட்டி அடுக்கிய செம்பனைப் பழக் குலைகளைப் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பழைய போன் வாய்க்காலில் விழுந்து உயிரை விட்டிருந்தது. மனைவி மரியகொரெட்டி காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"மலிவா, மூராவா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, போதும். போனஸ் காசு குசினிக் கூரைத் தகரம் மாத்தத்தான். மழை பேஞ்சா ரசத்துல தண்ணி விழுது."

மைக்கல்ராஜ் தகரத்தை நினைத்தார். எறும்பு மீசையையும் நினைத்தார். மீசை ஜெயித்தது.

"விலை போனே குடும்மா. ஆனா..." குரலைத் தாழ்த்தினார். "மூரா போனோட பெட்டியில போட்டுக் குடு. வீட்ல ஆன்ட்டி பாப்பாங்க."

கடையில் நல்ல கூட்டம். ஃபஸீஹா சிரித்துக்கொண்டே அவசரமாகக் கட்டிக் கொடுத்தாள். ரசீதைக் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு மைக்கல்ராஜ் வீடு திரும்பினார்.

மரியகொரெட்டி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் அவளை ஒரு படம் எடுத்துக் காட்டினார்.

"ஐயோ, என் கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பெல்லாம் எங்கங்க போச்சு? மூரா போன்லயே இவ்ளோ அழகா வருதே!"

மைக்கல்ராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மறுநாள் தோட்டக் காட்டில் ஒரு குலையைப் படம் எடுத்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மீசை தெரிவது போலத்தான் இருந்தது. கொடுத்த விலைக்கு ஏற்ற பொருள்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மரியகொரெட்டி ஏற்கனவே படத்தை எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள்.

"அண்ணே, அதே விலைக்கு எங்களுக்கும் வாங்கிக் குடுங்கண்ணே!"

"கட்டாயம் வாங்கித் தருவாரு," என்றாள் மரியகொரெட்டி.

மைக்கல்ராஜுக்கு வியர்த்தது. "ஸ்டாக் முடிஞ்சிருச்சு லா. கம்பெனியே நிறுத்திட்டான். இனிமே கெடைக்காது."

இனிமேல் கிடைக்காது என்றதும் அந்தப் போனுக்கு மவுசு கூடிவிட்டது. மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அலமாரி மேல் மறந்து வைத்துவிட்டுப் போன போனைக் காணோம்.

"கெமாஸ்லேருந்து என் தம்பி புனிதன் வந்திருந்தான்," என்றாள் மரியகொரெட்டி. "ரொம்ப ஆசப்பட்டான். நீங்க வாங்கின மூரா விலைக்கே குடுத்துட்டேன். இந்தாங்க உங்க சிம்மு. உங்களுக்கு வேற ஒண்ணு வாங்கிக்குங்க."

மைக்கல்ராஜ் வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"குடுத்துட்டியா? உடனே திரும்ப வாங்கு! அந்தப் போன்... அது சூடாகுது கொரெட்டி. வெடிச்சாலும் வெடிச்சிரும்!"

"ஆண்டவரே! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

புனிதன் முச்சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அக்காவின் அழைப்பைக் கேட்டதும், போனைத் துணியில் சுற்றி, கையை முழம் நீளத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். வாசலில் கொடுத்துவிட்டு, காசைத் திரும்ப வாங்கக்கூட நிற்காமல் போய்விட்டான்.

மைக்கல்ராஜ் நிம்மதியாகக் குளிக்கப் போனார். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கேட்டார்.

"போன் எங்க?"

"பயப்படாதீங்க. வாளித் தண்ணியில முக்கி வச்சிருக்கேன். இனி எப்படி வெடிக்கும்?"

மைக்கல்ராஜ் துண்டைப் போட்டுவிட்டு வாளிக்கு ஓடினார். அடியில் கறுப்பாகக் கிடந்தது. கடைசிக் குமிழி ஒன்று மேலே வந்து உடைந்தது.

"அடியே, அது விலை போன்டி! மூணு மடங்கு விலை! தகரக் காசு பூரா உள்ள கெடக்குது!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது உறைத்தது.

மரியகொரெட்டி திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. போனை எடுத்துத் துடைத்து, ஒரு துணியில் முடிந்தாள்.

"காலையில கடைக்குப் போறோம்," என்றாள்.

மறுநாள் காரில் கிளம்பினார்கள். வழியில் லுக்குட் டவுன் வந்ததும், "பசியாறிட்டுப் போலாமா?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவருக்குப் பசியே அடங்கிவிட்டது.

கடைக்குள் கால் வைத்ததும் மரியகொரெட்டி துணி முடிச்சை மேசை மேல் வைத்தாள். "ரிப்பேர் பண்ண முடியுமாம்மா? இவரு எங்கிட்ட பொய் சொல்லி வாங்கின விலை போனு இது."

மைக்கல்ராஜ் தரையைப் பார்த்தார்.

முடிச்சை அவிழ்த்துப் பார்த்த ஃபஸீஹா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், உங்க நம்பர் தெரியாம எங்க தேடுறதுன்னு தவிச்சுப் போயிட்டேன்! அன்னைக்கு அவசரத்துல பெட்டியோட மூரா போனையே கட்டிக் குடுத்துட்டேன். உங்க விலை போன் இங்கேயேதான் இருக்கு. இத்தனை நாள் வச்சிருந்தீங்களே, உங்களுக்கு வித்தியாசமே தெரியலையா?"