உஷ் சாரின் இரண்டு மணி நேரம்

வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது. உஷ் சார் அதைப் பார்க்காத மாதிரியே தாண்டித் தாண்டிப் போனார்.

இரண்டாவது குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. இரவெல்லாம் அது அழுதது. பகலெல்லாம் அதைப் பார்க்க வந்தவர்கள் பேசினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட மனைவி, அன்று காலை கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு மணிக்கு எங்க அம்மா வண்டி அனுப்பறாங்க. பெட்டி கட்டியாச்சு. அதுக்குள்ள இந்த வீட்டுல நான் சேர்ந்தாப்பல ரெண்டு மணி நேரம் தூங்கியிருக்கணும். இல்லைன்னா வண்டி வெறுமனே திரும்பாது."

"அதான் நான் லீவு போட்டிருக்கேன்ல? ஒரு ஈ எறும்பு உள்ளே வராது. நீ படு."

"நீங்க லீவு போட்டிருக்கறதுதான் பயமா இருக்கு," என்றபடி அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்தாள்.

உஷ் சார் நூலகத்தின் வாசிப்பறைக்கு இருபது வருடமாகப் பொறுப்பாளர். யாராவது தும்மினாலும் "உஷ்" என்பார். அவர் "உஷ்" சொல்லும் சத்தத்தில்தான் படிக்க முடியவில்லை என்று புகார்ப் புத்தகத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை அவர் சத்தமில்லாமல் கிழித்துவிட்டார்.

குழந்தையோடு தன் வீட்டுக்கு வரும்படி மாமியார் மகளைக் கூப்பிட்டபோது, "என் பிள்ளையைப் பாத்துக்க எனக்குத் தெரியாதா?" என்று மார்தட்டியவரும் இவர்தான். இப்போது பெட்டி போனால் மானம் போகும். அது கிடக்கட்டும். குழந்தை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்குமே, அதில்லாமல் ஒரு நாள்கூட அவரால் இருக்க முடியாது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு, கீழே தரைத்தளத்துத் தையல்காரர் கடை திறந்து மெஷினை மிதிக்கத் தொடங்கிய நேரத்தில், தாயும் பிள்ளையும் தூங்கிவிட்டார்கள்.

உடனே அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு அக்கா, கையில் குட்டிச் சட்டையோடு. அவளைச் சைகையாலேயே திருப்பி அனுப்பிவிட்டு, உஷ் சார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மணியின் ஒயரைக் கழற்றிப் போட்டார்.

அடுத்து வந்த கேஸ் சிலிண்டர்காரர் மணியை அழுத்திப் பார்த்தார். அது அடிக்கவில்லை என்றதும் கதவை இடித்தார்.

உஷ் சார் ஒரு காகிதத்தில், 'குழந்தை தூங்குகிறது. கதவைத் தட்டாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். மாடியிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஒவ்வொருவரும் நின்று அதை உரக்கப் படித்தார்கள். படித்துவிட்டு, "என்ன குழந்தையாம்? பையனா, பொண்ணா?" என்று படிக்கட்டிலேயே விசாரணைக் கமிஷன் வைத்தார்கள்.

அதற்குள் போன் அலறியது. மாமியார்.

"தூங்கறாளா மாப்பிள்ளை?"

"தூங்கறா," என்று கிசுகிசுத்தார்.

"என்னது? காது கேக்கலை."

"தூங்கறா அத்தை."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"தூங்கறா!" என்று கத்தினார் உஷ் சார்.

"நல்லது. வண்டி கிளம்பத் தயாரா இருக்கு. மாடி அறையையும் ஒழிச்சு வெச்சுட்டேன்."

அவருக்கு ரத்தம் கொதித்தது. அறையா ஒழிக்கிறாய்? இரு. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு சத்தம்தான் மிச்சமிருந்தது. படுக்கையறைக்கு நேர் கீழே, கடகடவென்று தையல் மெஷின். நான்கே தாவலில் கீழே இறங்கினார்.

"மெஷினை நிறுத்துங்க. மேலே குழந்தை தூங்குது."

"தினமும் இருக்கற சத்தம்தானே சார்," என்றார் தையல்காரர். "நாப்பது யூனிஃபார்ம் நாளைக்குக் குடுக்கணும்."

"நாப்பது யூனிஃபார்ம் பெருசா, ஒரு உயிர் பெருசா?"

தையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காலை எடுத்தார். மெஷின் நின்றது.

மேலே குழந்தை வீல் என்று அழுதது.

"பாத்தீங்களா, நீங்க பண்ணின வேலையை?"

"நான் நிறுத்தினப்புறம்தானே சார் அழுது?"

"எதிர்த்துப் பேசாதீங்க."

அப்போதுதான் எதிர்க் கட்டடத்தில் யாரோ சுவரில் துளை போடும் சத்தம் கேட்டது. ஆகா, இதுதான் விஷயம் என்று உஷ் சார் ஓடினார். நான்கு மாடி ஏறி வாதாடினார். "இன்னும் ஒரே ஒரு ஓட்டை சார், ஒரு நிமிஷம்," என்றார் துளை போடுகிறவர். அந்த ஒரு நிமிடத்தைத் தடுக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

திரும்பும்போது தெருமுனையில் ஹார்ன் சத்தம். அதையும் விடக்கூடாது என்று நடுத்தெருவில் நின்று, வந்த வண்டிகளுக்கெல்லாம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அதுவரை ஹார்ன் அடிக்காதவர்களும் அவர் நகருவதற்காக அடித்தார்கள்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வீட்டுக்கு வந்தார். அழுகை இல்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு, ஜெயித்த மனிதராக உட்கார்ந்தார்.

படியேறி வந்தாள் ஆறு வயது மூத்த மகள். "அப்பா, அம்மா வந்து..."

"உஷ்."

"இல்லப்பா, அந்தப் பெட்டியில..."

"உஷ்."

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மறுபடி கீழே போனாள்.

அந்த நிசப்தத்தில்தான் அவருக்குக் கேட்டது. கடகட, கடகட. தையல்காரர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். உஷ் சார் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே பாய்ந்தார்.

தையல்காரர் காலை நிறுத்தாமலே உதட்டின் மேல் விரலை வைத்தார். "உஷ்."

இருபது வருடத்தில் அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

துணி வெட்டும் மேஜைக்குப் பின்னால், துணிக்கட்டுகளின் மேல் மனைவி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், மடித்த யூனிஃபார்ம்களுக்கு நடுவில் குழந்தை. மகள் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல மெஷினை நிறுத்துங்க," என்றார் உஷ் சார், பழக்கதோஷத்தில்.

தையல்காரர் நிறுத்திக் காட்டினார். குழந்தையின் உதடு பிதுங்கியது. கால் உதைத்தது. அவர் மறுபடி மிதித்தார். உதடு பழைய இடத்துக்குப் போனது.

"பத்து மாசமா வயித்துக்குள்ள இருந்து கேட்ட சத்தம் சார். ராத்திரி நான் கடையை மூடினா அழுகை, நீங்க நிறுத்தச் சொன்னாலும் அழுகை. அம்மா இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சாங்க. பதினோரு மணிக்குப் படுத்தவங்க, இன்னும் அசையலை."

உஷ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்டுவிரலை நீட்டினார். குழந்தை தூக்கத்திலேயே பிடித்துக்கொண்டது.

"மெஷின் இங்கேதானே இருக்கு. அப்போ இவ எங்கேயும் போக வேண்டாமே," என்று கிசுகிசுத்தார்.

"அம்மா போறதா எப்ப சார் சொன்னாங்க?"

வாசலில் மாமியாரின் வண்டி ஹார்ன் அடித்தது. மகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "உஷ்" என்று வாயெடுத்தவர், இந்த முறை குனிந்து காதைக் கொடுத்தார்.

"இதைத்தான் அப்பவே மேலே சொல்ல வந்தேம்ப்பா. அந்தப் பெட்டியில இருக்கறதெல்லாம் உங்க சட்டை."