அரை செகண்ட் ராஜசேகரன்

சப்டைட்டில் உருவிகள் என்றோர் இனம் நம்மிடையே உலவுகிறது. டிவிடி கிடைத்தால் நீங்களும் நானும் படம் பார்ப்போம். இவர்கள் பார்க்க மாட்டார்கள். படத்தின் அடியில் ஓடும் வசனத்தை மட்டும் தனியே உருவி, எந்த வரி எந்த நொடியில் வந்து எந்த நொடியில் போகிறது என்ற விவரத்தோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் அடுக்கிவிட்டுத்தான் பச்சைத் தண்ணீர் குடிப்பார்கள்.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் மேல்மாடி ராஜசேகரன் இந்த இனத்தில் முதல் தரம். சாவுக் காட்சியில் தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது, "அந்த வரி அரை செகண்ட் முன்னாடி வந்துருச்சு, கவனிச்சீங்களா?" என்று நம் தொடையைத் தட்டுவார். கவனிக்கவில்லை ஐயா! அழுதுகொண்டிருந்தேன்!

இப்பேர்ப்பட்டவரிடம் கீழ்வீட்டு ஆக்னஸ் டீச்சர் ஒரு சிரிப்புப் பட டிவிடியைக் கொடுத்தார். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். காது மந்தமாகி மூன்று வருடம். அவர் வீட்டு டிவிடி பிளேயர் உயிரை விட்டுவிட்டது. புது டிவியில் பென்டிரைவ்தான் போடலாம்.

"ஞாயித்துக்கிழமை வேலூர்லேர்ந்து ரோஷினி பிள்ளைங்களோட வர்றா. எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம், 'என்னடி சொன்னான்?'னு மகள்கிட்ட கேட்டு நான் தனியா சிரிக்கிறேன் ராஜசேகர். ஒரு தடவையாச்சும் அதுங்க சிரிக்கும்போதே சிரிக்கணும். இங்கிலீஷ் எழுத்தோட இதுல போட்டுக் குடுப்பா."

"பத்து நிமிஷ வேலை டீச்சர்!" என்று காதருகே கத்தினார் ராஜசேகரன்.

இவர்களுடைய பத்து நிமிஷத்தை நீங்கள் கண்டதுண்டா? டிவிடியில் இருக்கும் வசனம் எழுத்தே அல்ல, எழுத்தின் படம். டிவிடி போடும் வசதியுள்ள பழைய கம்ப்யூட்டர் அவருடைய அம்பத்தூர் ஆபீஸில் இருந்தது. அங்கே அந்தப் படங்களை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாஃப்ட்வேர் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டி, "இது என்ன?" என்று கேட்கும். இவர் சொல்ல வேண்டும். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தால் மறுபடியும் கேட்கும். கேட்கக் கேட்க இவருக்குக் கொண்டாட்டம்! மனைவி வசந்தா வைத்த காபி ஆடை கட்ட, ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வரியும் திரையில் நிற்கும் நேரத்துக்குள் படித்து முடிகிறதா என்று செல்போனில் நொடி பார்த்து, கூட்டிக் குறைத்து, மறுபடி படித்து... வியாழக்கிழமை டீச்சரின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் படியேறி வந்துவிட்டார். திருமழிசைக்காரர், பட்டென்று பேசுபவர்.

"இன்னா சார், ரெடியா கீதா?"

"அரை செகண்ட் இடிக்குதுண்ணே. ஞாயித்துக்கிழமை கரெக்டா தந்துடுறேன்."

ஞாயிறு மாலை. சுண்டல் தயார். பிள்ளைகள் பாயில் தயார். டீச்சர் மூக்குக்கண்ணாடியை மூன்றாம் முறை துடைத்துவிட்டு டிவிக்கு நேரே உட்கார்ந்தார். ராஜசேகரன் பென்டிரைவைச் சொருகினார். திரையில் ஒன்றுமே வரவில்லை.

ஏகாம்பரம் கிட்டே போய்ப் பார்த்தார். "எழுத்து ஃபைலு கீது. படம் எங்க சார்?"

படமா? எழுத்தை உருவின மும்முரத்தில் மனிதர் படத்தைக் காப்பி எடுக்கவே இல்லை! டிவிடியோ ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள். ஆபீஸுக்கோ ஞாயிறு பூட்டு. ரோஷினிக்கு எட்டு மணிக்குக் குத்தம்பாக்கத்தில் வேலூர் பஸ்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ராஜசேகரன் மாடிக்கு ஓடி, லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்து கொண்டுவந்து, தலையைத் தொங்கப் போட்டபடி டீச்சர் மடியில் வைத்தார்.

டீச்சர் கண்ணாடியை மாட்டினார். நாலு வரி மௌனமாகப் படித்தார். ஐந்தாவது வரியில் குபீரென்று சிரித்தார்.

"என்னம்மா சொன்னான்?" என்றாள் ரோஷினி.

"இருடி!" என்று இன்னும் ஒரு பாட்டம் சிரித்துவிட்டு, பழைய வகுப்புக் குரலில் படித்துத் தமிழிலும் சொன்னார். வீடே வெடித்தது. அப்புறம் ஒவ்வொரு சிரிப்பும் அப்படித்தான்: முதலில் டீச்சர், பின்னால்தான் மற்றவர்கள். பஸ் நேரம் வரைக்கும் பாயை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை.

வாசலில் நின்ற ராஜசேகரன் என் காதில் கிசுகிசுத்தார்: "மத்தவங்க சிரிப்பு அரை செகண்ட் லேட்டு, கவனிச்சீங்களா?"

நீங்களும் சிரிக்கிறீர்கள், சந்தோஷம். அந்த ஃபைலில் இருந்த ஆயிரத்து நானூற்று இருபத்தொரு வரிகளையும் டீச்சர் பிறகு இரண்டு தடவை படித்தாராம். என்ன, மேலே வேறு எண்ணிக்கை அல்லவா இவன் சொன்னான் என்று உங்கள் கண் மேலே ஓடுகிறதா? ராஜசேகரன் வீட்டில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வாருங்கள்.